டாலிஷில் உடைந்தது எது? ஒரு கடலோர இருப்புப்பாதையும் அதன் சுவரும்

2014 பிப்ரவரி 4ஆம் தேதி இரவு, தென்மேற்கு இங்கிலாந்தின் டெவன் கடற்கரையிலுள்ள டாலிஷ் என்னும் சிற்றூரில், இருப்புப்பாதையைத் தாங்கி நின்ற கடற்சுவர் புயலில் உடைந்தது. ஏறத்தாழ 80 மீட்டர் நீளத்துக்குச் சுவரும் அதன் பின்னிருந்த மண்ணும் அடித்துச் செல்லப்பட்டன. மறுநாள் காலையில் எடுக்கப்பட்ட படங்களில் தண்டவாளங்கள் ஸ்லீப்பர் கட்டைகளோடு அந்தரத்தில் தொங்கின; பாதையை ஒட்டிய வீடுகளில் இருந்தவர்கள் வெளியேற்றப்பட்டிருந்தனர். பாதை மீண்டும் திறக்கப்பட்டது ஏப்ரல் 4ஆம் தேதி. இடைப்பட்ட இரண்டு மாதமும் பிளிமத் நகரம், டார்பே கரையோர ஊர்கள், கார்ன்வால் மாவட்டம் முழுவதும் நாட்டின் மற்றப் பகுதிகளோடு ரயில் தொடர்பு அற்றுக் கிடந்தன. ஒரு சிற்றூரின் சுவரில் விழுந்த ஓட்டை ஒரு தீபகற்பத்தையே துண்டித்தது.

இந்நிகழ்வைப் பற்றிப் பொதுவெளியில் மூன்று விளக்கங்கள் நிலைபெற்றுள்ளன. புயல் அசாதாரணமானது, எந்தச் சுவரும் தாங்கியிருக்காது என்பது ஒன்று. பாதையைக் கடற்கரையில் அமைத்ததே 19ஆம் நூற்றாண்டுப் பொறியாளரின் பிழை என்பது இரண்டாவது. சுவர் பழையது, தாழ்வானது. உயரமாகவும் உறுதியாகவும் கட்டினால் சிக்கல் தீரும் என்பது மூன்றாவது. அரசும் இருப்புப்பாதை நிர்வாகமும் செயலில் ஏற்றுக்கொண்டது இந்த மூன்றாவது விளக்கத்தையே. மூன்றிலும் உண்மையின் ஒரு பகுதி இருக்கிறது. ஆனால் மூன்றுமே சேதத்தை அலைக்கும் சுவருக்கும் இடையிலான மோதலாக மட்டுமே பார்க்கின்றன. டாலிஷின் சேதத்தை இரண்டு நீண்டகாலப் போக்குகள் சேர்ந்து உருவாக்கின என்பதே இக்கட்டுரையின் வாதம். சுவர் தன் முன்னிருந்த மணற்கரையை மெல்ல மெல்ல மெலியவைத்தது முதல் போக்கு. சுவர் விழுந்தால் கைகொடுக்க இருந்த மாற்றுப் பாதைகள் 1958க்கும் 1968க்கும் இடையில் ஒவ்வொன்றாக மூடப்பட்டது இரண்டாவது. இவ்விரண்டில் பின்னதே கனமானது. அது இயற்கையின் செயலன்று, ஒரு முடிவு.

புரூனலின் தேர்வு

எக்ஸ்டரிலிருந்து டெய்ன்மத் வரையிலான தெற்கு டெவன் இருப்புப்பாதை 1846 மே 30 அன்று திறக்கப்பட்டது. அதன் பொறியாளர் இசம்பார்ட் கிங்டம் புரூனல். எக்ஸ் ஆற்றின் கழிமுகத்தை ஒட்டி இறங்கி, டாலிஷ் வாரன் என்னும் மணல்திட்டைக் கடந்து, செந்நிற மணற்பாறைக் குன்றுகளின் அடிவாரத்தில் கடற்கரையின்மீதே அவர் பாதையை அமைத்தார். பாறை முனைகள் கடலுக்குள் நீண்ட இடங்களில் ஐந்து சுரங்கங்கள் குடையப்பட்டன. அந்த ஆறேழு கிலோமீட்டருக்குப் பாதையின் ஒரு பக்கம் செங்குத்தான பாறை, மறுபக்கம் கடல். இரண்டுக்கும் நடுவே விலகிக்கொள்ள இடமே கிடையாது.

இத்தேர்வைப் பிழை என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது நியாயமாகாது. உள்நாட்டில் ஹால்டன் குன்றுகள் குறுக்கே நின்றன. அவற்றைக் குடைவதற்கும் வெட்டுவதற்கும் ஆகும் செலவு அன்றைய ஒரு தனியார் நிறுவனத்துக்கு மலைப்பானது. கடற்கரை மட்டமாக இருந்தது. இன்ஜின் இல்லாமல், தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த குழாயில் காற்றை உறிஞ்சி ரயிலை இழுக்கும் முறையை இப்பாதையில் புரூனல் சோதித்தார். அது 1847இல் தொடங்கி 1848 செப்டம்பரில் கைவிடப்பட்டது. அந்தத் தோல்வியே இன்றுவரை அதிகம் பேசப்படுகிறது. அதைவிட நெடுங்காலம் விலைகேட்ட பாதைத் தேர்வு அந்தப் பேச்சில் பின்னுக்குத் தள்ளப்பட்டுவிட்டது. எனினும், 1840களில் வாழ்ந்த ஒருவர் 2014இன் கடல்மட்டத்தையும் கரையின் நிலையையும் கணித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. அவருக்குப் பின்வந்தவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர்கள் கையில் சேதங்களின் பதிவு இருந்தது.

அந்தப் பதிவு நீளமானது. 1855, 1859, 1872–73 ஆண்டுகளின் புயல்களில் சுவர் உடைந்தோ பாதை அரிக்கப்பட்டோ போக்குவரத்து நின்றது. 1930 ஜனவரியில் மீண்டும் பெருஞ்சேதம். 1974 பிப்ரவரியில் டாலிஷ் நிலையத்தின் கடலோர நடைமேடையின் ஒரு பகுதியைக் கடல் கொண்டுபோயிற்று. 1986, 1996, 2004 ஆண்டுகளும் இப்பட்டியலில் உண்டு. ஒவ்வொரு முறையும் உடைந்த இடம் செப்பனிடப்பட்டது; ஒவ்வொரு முறையும் அது தனித்த விபத்தாகவே எழுதப்பட்டது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஒரே இடத்தில் ஒரே வகையில் திரும்பத் திரும்ப நிகழும் ஒன்றை விபத்து என்று அழைப்பது பொருந்தாது. 2014இன் புயலை அசாதாரணம் என்று சொல்பவர்கள் முதலில் விளக்க வேண்டியது இந்த வரிசையைத்தான்.

2014இல் சுவர் விழுந்த முறை

2013–14 குளிர்காலம் பிரித்தானியாவில் குறைந்தது 20 ஆண்டுகளில் காணாத கடும் புயற்பருவம் என்று அந்நாட்டு வானிலைத் துறை பதிவு செய்தது. இதை மறுப்பதற்கில்லை. ஆனால் எப்படிப்பட்ட கடுமை என்பது முக்கியம். டாலிஷ் கரை தென்கிழக்கை நோக்கியது. அட்லாண்டிக்கிலிருந்து வழக்கமாக வரும் தென்மேற்கு அலைகள் டெவனின் தென்முனைகளைச் சுற்றி வளைந்து, வலுவிழந்தே இங்கு வந்து சேரும். தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வரும் அலைகளுக்கு அந்தத் தடை இல்லை. பிப்ரவரி 4ஆம் தேதிப் புயல் அந்தத் திசையில் அடித்தது. அது உயர்ந்த ஓதத்தோடும், குறைந்த காற்றழுத்தத்தால் எழும்பிய கடல்மட்டத்தோடும் சேர்ந்துகொண்டது. இவை மூன்றும் ஒன்றுகூடுவது அரிது. அரிது என்பதற்கு எதிர்பாராதது என்று பொருளில்லை.

புயலின் கடுமை அந்த ஓர் இரவோடு முடிந்ததும் அன்று. அந்தப் பருவத்தில் புயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன; ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் கரைக்கு மணல் திரும்பச் சேர அவகாசம் கிடைக்கவில்லை. கரையில் மணல் உயர்ந்து நிற்கும்போது அலை சுவரை அடையுமுன்பே ஆழம் குறைந்து உடைந்து சிதறும். மணல் தாழ்ந்தால் ஆழம் கூடும், அலை முழு உருவத்தோடு சுவரில் மோதும். மோதிய நீர் சுவரைத் தாண்டிப் பாதையின்மீது விழுந்து, ஜல்லியையும் அதன்கீழ் நிரப்பியிருந்த மண்ணையும் கரைத்தது. பின்பக்கத் தாங்கல் போனபின் சுவரின் முகம் சரிந்தது. கோட்டையின் மதில் முன்னிருந்து முட்டி உடைவதுபோல் இது நிகழவில்லை. மேலிருந்து விழுந்த நீரும் உள்ளிருந்து வெளியேறிய மண்ணும் சேர்ந்தே சுவரை வீழ்த்தின. இந்த வேறுபாடு வெறும் பொறியியல் நுணுக்கமன்று. சுவரின் கல் எவ்வளவு வலுவானது என்பதைவிட, அதைத் தாண்டி எவ்வளவு நீர் விழுகிறது என்பதே பாதையின் விதியைத் தீர்மானிக்கிறது. அலையின் வலிமையோடு சேர்ந்து தாண்டும் நீரின் அளவை நிர்ணயிப்பவை சுவரின் உயரம், அதன் வடிவம், கடல்மட்டம், முன்னிருக்கும் மணலின் உயரம் ஆகிய நான்கும்தான்.

பழுதுபார்ப்பு நடந்த விதம் பாராட்டுக்குரியது. சரக்குக் கப்பல் பெட்டிகளைக் கல்லால் நிரப்பி, ஒன்றோடொன்று இணைத்து, உடைப்பின் முன் தற்காலிக அலைதடுப்பாக நிறுத்தினார்கள். பிப்ரவரி 14ஆம் தேதிப் புயல் அதையும் சேதப்படுத்தியது. மார்ச் 4 அன்று டெய்ன்மத் அருகே பாதைக்கு மேலிருந்த குன்றின் முகத்திலிருந்து சுமார் 20,000 டன் மண்ணும் பாறையும் சரிந்தன. நீரைப் பாய்ச்சி அச்சரிவைப் பாதுகாப்பாக இறக்க வேண்டியிருந்தது. சுமார் 300 தொழிலாளர்கள் இரவும் பகலும் உழைத்தார்கள். அவர்களின் உடையின் நிறத்தை வைத்து ஆரஞ்சுப் படை என்று செய்தித்தாள்கள் அவர்களைக் கொண்டாடின. அந்தப் பாராட்டு அவர்களுக்கு உரியதே. ஆனால் வீரச்செயலாகச் சொல்லப்படும் ஒரு பழுதுபார்ப்பு, அது ஏன் தேவைப்பட்டது என்ற கேள்வியை எளிதில் மறைத்துவிடுகிறது. அந்த வசந்தகாலத்தில் நிகழ்ந்தது அதுவே.

சுவரும் மணலும்

மணலின் உயரம் தற்செயலானதன்று. இருப்புப்பாதை வருமுன் அந்தச் செம்பாறைக் குன்றுகளை அலைகள் நேரடியாக அரித்தன. அரிபட்ட பாறை மணலாகிக் கரையில் தங்கியது, கரையோரம் நகர்ந்து எக்ஸ் முகத்துவாரத்தின் டாலிஷ் வாரன் மணல்திட்டுக்கும் சென்றது. 1846க்குப்பின் குன்றுகளுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு கல்சுவர் நிற்கிறது. குன்று இப்போதும் சரிகிறது, ஆனால் சரிவது பாதையின்மீது விழுகிறது, அங்கிருந்து அள்ளப்படுகிறது. கடற்கரைக்கு அது தானாகச் சேர்வதில்லை. செங்குத்தான சுவரில் மோதித் திரும்பும் அலை, சுவரின் அடியிலுள்ள மணலைக் கிளறிவிடுகிறது. பாதையைக் காக்கக் கட்டிய சுவர், தன்னைக் காக்கும் கரைக்கு வரும் மணலைத் தடுத்து, இருப்பதையும் கலைக்கிறது. கடல்மட்டம் உயர உயர, நகர முடியாத சுவருக்கும் முன்னேறும் கடலுக்கும் இடையில் கரை ஒடுங்கிக்கொண்டே போகிறது.

மணற்குறைவுக்குச் சுவர் ஒன்றே காரணம் என்று சொல்வது மிகையாகும். முகத்துவாரத்தின் மணல்மேடுகள் இடம்மாறுகின்றன, பழைய மணல்தடுப்புகள் சிதைந்துள்ளன, ஒவ்வொரு குளிர்காலமும் ஒவ்வொரு விதமாக இருக்கிறது. ஆனால் சுவரின் பங்கை ஒதுக்கிவிட்டு மணலை மட்டும் கொண்டுவந்து கொட்டினால் என்ன ஆகும் என்பதை டாலிஷ் வாரன் காட்டியது. 2017இல் சுற்றுச்சூழல் முகமை ஏறத்தாழ 1.4 கோடி பவுண்டு செலவில் முகத்துவாரத்து மணல்மேட்டிலிருந்து 2,50,000 கன மீட்டர் மணலைத் தோண்டி அத்திட்டில் சேர்த்தது. அடுத்தடுத்த குளிர்காலப் புயல்கள் அதன் பெரும்பகுதியை எடுத்துச் சென்றன. இதை வைத்து மணல் நிரப்புவது வீண் என்று முடிவுகட்டுவோர் உண்டு. அந்த முடிவு அவசரமானது. ஒருமுறை நிரப்பி நிறுத்துவது வீண் என்பதைத்தான் அது நிரூபிக்கிறது. மணல் ஒரு தொடர்செலவு. தண்டவாளத்தின்கீழ் ஜல்லியைக் காலந்தோறும் சேர்த்துச் சமன்செய்வதை எந்த நிர்வாகமும் வீண் என்று சொல்வதில்லை.

டெய்ன்மத்துக்கும் ஹோல்கம்புக்கும் இடையில் பாதையைக் குன்றிலிருந்து விலக்கிக் கடல்பக்கம் தள்ளும் திட்டம் 2019இல் மக்கள் கருத்துக்கு வைக்கப்பட்டபோது இதே கேள்வி வேறு உருவில் எழுந்தது. குன்றுச் சரிவிலிருந்து தப்பப் பாதை கடலுக்குள் நகர வேண்டும். நகர்ந்தால் கரையின் ஒரு பகுதியை அது விழுங்கும். உள்ளூர் மக்கள் கரையை இழக்க மறுத்தார்கள், திட்டமும் திருத்தப்பட்டது. அவர்களுடைய எதிர்ப்பைச் சுற்றுலா வருமானம் பற்றிய கவலையாக மட்டும் சித்திரித்தவர்கள் கரையின் பாதுகாப்புப் பணியைக் கணக்கில் எடுக்கவில்லை. மணற்கரையைக் கைவிட மறுத்ததன்மூலம் அந்த மக்கள் பாதையின் முதல் அரணையும் காத்தார்கள் என்றே நான் கருதுகிறேன்.

மாற்றுப் பாதை மறைந்த வரலாறு

சுவர் உடைவது பழைய கதை. 2014இல் புதிதாக இருந்தது அதன் விளைவு. 1930இல் சுவர் உடைந்தபோது பிளிமத் துண்டிக்கப்படவில்லை. எக்ஸ்டரிலிருந்து டார்ட்மூர் மேட்டுநிலத்தின் வடக்கு விளிம்பைச் சுற்றி, ஓக்ஹாம்ப்டன், டாவிஸ்டாக் வழியாகப் பிளிமத் செல்லும் இன்னொரு முதன்மைப் பாதை இருந்தது. அதை நடத்தியது கிரேட் வெஸ்டர்ன் நிறுவனத்தின் போட்டியாளரான சதர்ன் நிறுவனம். போட்டியாளர்களாக இருந்தும், ஒரு பாதை அடைபட்டால் மற்றதில் ரயிலை ஓட்ட வேண்டியிருக்கும் என்பதை இருவரும் உணர்ந்திருந்தனர். அதற்காகவே எக்ஸ்டருக்கும் பிளிமத்துக்கும் இடையில் தத்தம் ரயில்களில் சிலவற்றை ஒருவர் பாதையில் மற்றவர் ஓட்டும் ஏற்பாடு இருந்தது. ஓட்டுநர்களுக்கு இரு பாதைகளின் வளைவும் ஏற்றமும் கைகாட்டிகளும் பழகியிருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். பேரிடர் மேலாண்மை என்ற துறைப்பெயர் புழக்கத்துக்கு வருமுன்பே, நடைமுறை அறிவு படைத்த ரயில்வேக்காரர்கள் செய்துவைத்த ஏற்பாடு அது. கூடுதலாக, எக்ஸ்டரிலிருந்து டெய்ன் பள்ளத்தாக்கு வழியாக ஒரு கிளைப்பாதையும் இருந்தது.

கிரேட் வெஸ்டர்ன் நிறுவனம் இதோடு நிற்கவில்லை. 1930இன் சேதத்துக்குப் பின், டாலிஷைத் தவிர்த்து உள்நாட்டின் வழியே ஒரு புதிய பாதை அமைக்க 1936இல் நாடாளுமன்ற அனுமதி பெற்றது. வேலையில்லாத் திண்டாட்டத்தைப் போக்க அரசு அளித்த மலிவுக் கடனுதவி அதற்குத் துணையாக இருந்தது. நில அளவைப் பணிகள் நடந்தன; போர் வந்தது; திட்டம் நின்றது. போருக்குப் பின் இருப்புப்பாதைகள் நாட்டுடைமையாயின, திட்டம் திரும்ப எடுக்கப்படவில்லை. டாலிஷின் ஆபத்தைப் பாதையின் உரிமையாளரே ஒப்புக்கொண்டு, மாற்றுவழி தேவை என்று சட்டத்தின்மூலம் பதிவு செய்துவிட்டார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பின்னர் நேர்ந்தது எதிர்த்திசையில். டெய்ன் பள்ளத்தாக்குப் பாதையில் பயணிகள் ரயில் 1958இல் நின்றது. 1963இல் பிரித்தானிய இருப்புப்பாதை வாரியத் தலைவர் ரிச்சர்ட் பீச்சிங்கின் அறிக்கை, ஒரே ஊர்களை இணைக்கும் இரண்டு பாதைகளை வீண்செலவாகக் கண்டது. 1968 மே மாதம் அந்த வடக்குப் பாதையில் ஓக்ஹாம்ப்டனுக்கும் பியர் ஆல்ஸ்டனுக்கும் இடைப்பட்ட பாதை மூடப்பட்டது. ஓக்ஹாம்ப்டனுக்கான வழக்கமான பயணிகள் சேவை 1972இல் நிறுத்தப்பட்டது. அன்றைய கணக்கேட்டின்படி இது குறையற்ற முடிவாகத் தெரிந்திருக்கலாம். பயணிகள் குறைவு, நட்டம் அதிகம். ஆனால் அந்தக் கணக்கேட்டில், டாலிஷ் சுவருக்குத் துணையாக ஒரு பாதை இருப்பதன் மதிப்புக்கு ஒரு நெடுவரிசை கிடையாது. ஒரு பாதை தன்மீது ஓடும் ரயில்களுக்காக மட்டும் இருப்பதில்லை; மற்றொரு பாதை விழும்நாளுக்காகவும் இருக்கிறது. இந்தப் பணியைப் பூஜ்யமாக மதிப்பிட்டதே 1968இன் பிழை. 2014இல் சுவரில் விழுந்த ஓட்டையை ஒரு தீபகற்பத்தின் துண்டிப்பாக மாற்றியது அப்பிழையே.

2014இன் கணக்கு

இந்தப் பிழை திருத்தப்பட்டதா? 2014 ஜூலையில், இருப்புப்பாதைகளைப் பராமரிக்கும் நெட்வொர்க் ரயில் நிறுவனம் எக்ஸ்டருக்கு மேற்கேயான பாதையின் தாங்குதிறன் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டது. இருக்கும் பாதையைப் பலப்படுத்த 39.8 கோடி முதல் 65.9 கோடி பவுண்டு வரை ஆகும். ஓக்ஹாம்ப்டன் பாதையை மீட்க 87.5 கோடி, டெய்ன் பள்ளத்தாக்குப் பாதைக்கு 47 கோடி, உள்நாட்டில் முற்றிலும் புதிய பாதைக்கு, தேர்வைப் பொறுத்து, 149 கோடி முதல் 310 கோடி வரை. கூடுதல் பாதைகள் எதிலும் பயன் செலவை எட்டவில்லை என்பது ஆய்வின் முடிவு. மாற்றுப் பாதைக் கோரிக்கைக்கு எதிராக இன்றும் காட்டப்படும் வலுவான சான்று இது. ஆகவே அதைக் கூர்ந்து பார்க்க வேண்டும்.

முதலாவது, எதிர்காலப் பயனைக் குறைத்து மதிப்பிடும் முறை. பிரித்தானியக் கருவூலத்தின் நெறிப்படி முதல் 30 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 3.5 சதவீதமும், அதன்பின் 3 சதவீதமும் தள்ளுபடி செய்யப்படும். போக்குவரத்துத் திட்டங்கள் பொதுவாக 60 ஆண்டுகளுக்கு மதிப்பிடப்படும். இதன்படி 60ஆம் ஆண்டில் கிடைக்கும் 100 பவுண்டுப் பயனின் இன்றைய மதிப்பு 15 பவுண்டுக்கும் குறைவு. கடல்மட்ட உயர்வின் சேதமோ நேர்மாறாக, காலம் செல்லச் செல்லக் கூடுவது. ஆபத்து பெருகும் ஆண்டுகளில் பயனின் மதிப்பு தேய்கிறது. 61ஆம் ஆண்டிலிருந்து அது முற்றிலும் மறைகிறது. நூறாண்டுக்கு மேல் நிற்கும் ஒரு பாதையை இந்த அளவுகோலால் மட்டும் அளப்பது சரியாகாது.

இரண்டாவது, துண்டிப்பின் விலை. அந்த இரண்டு மாதத்தில் வட்டாரப் பொருளாதாரத்துக்கு நேர்ந்த இழப்பு பற்றி வெளியான மதிப்பீடுகள் 6 கோடி பவுண்டு முதல் 120 கோடி பவுண்டு வரை விரிந்தன. ஒன்றுக்கொன்று 20 மடங்கு வேறுபாடு. உயர்ந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு பிரசாரம் செய்தவர்கள் செய்ததும் சரியல்ல. தாமதமான பயணம் வேறு, இழந்த வணிகம் வேறு. ஆனால் தவிர்க்கப்படும் இழப்பு இத்தனை நிச்சயமற்றதாக இருக்கும்போது, அதை உள்ளே வைத்துக் கணித்த ஒரு விகிதத்தைத் தசமத் துல்லியத்தோடு முன்வைத்து, விவாதம் முடிந்தது என்பதும் ஏற்கத்தக்கதன்று.

மூன்றாவது, அடிக்கடி நேரும் சிறு தடைகள். பிளிமத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாசன், ஷா, கெரல்ஸ் ஆகியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வு, கடல்மட்டத்துக்கும் இப்பாதையில் கட்டுப்பாடு விதிக்கப்பட்ட நாட்களுக்கும் இடையிலான நெடுங்காலத் தொடர்பை ஆராய்ந்தது. ஆண்டுக்குச் சுமார் 10 நாட்களாக இருந்த தடை, கடல்மட்டம் மிகுதியாக உயர்ந்தால் 2100இல் 84 முதல் 120 நாட்கள் வரை ஆகலாம் என்றது. இந்த எண்ணைக் கவனத்தோடு கையாள வேண்டும். அது பழைய சுவரின் அனுபவத்திலிருந்து நீட்டப்பட்டது. பின்னர் எழுந்த புதிய சுவரை அது அறியாது. ஆகவே இனி வரவிருப்பதன் முன்னறிவிப்பாக அதை மேற்கோள் காட்டுவது தவறு. கடல் சில அங்குலம் உயர்ந்தாலும் தடைநாட்கள் அதே விகிதத்தில் உயராமல் பன்மடங்காகும் என்ற அதன் உள்ளடக்கமே நிலைத்தது. இந்தச் சிறு தடைகள் செய்தியாவதில்லை. அலை எழும் நாட்களில் கடலோரத் தண்டவாளத்தை மூடிவிட்டு, உள்பக்கப் பாதையொன்றில் மட்டும் இரு திசைக்கும் ரயிலை விடுகிறார்கள். கூரையில் பிரேக் மின்தடையங்கள் பொருத்தப்பட்ட வாயேஜர் வகை ரயில்கள் உப்புநீர் பட்டால் நின்றுவிடுவதால் அவை எக்ஸ்டரிலேயே திருப்பப்படுகின்றன.

மறுப்புகள்

மாற்றுப் பாதைக்கு எதிரான வாதங்களில் கணக்கைச் சாராதவையும் உண்டு. அவற்றில் சில கனமானவை. ஓக்ஹாம்ப்டன் பாதை டார்பே கரைக்கு உதவாது. நியூட்டன் ஆபட், டார்கீ, பேய்ன்டன் ஆகிய ஊர்கள் டாலிஷுக்குத் தெற்கே இருக்கின்றன. ஓக்ஹாம்ப்டன் பாதையோ அவற்றைத் தொடாமல் பிளிமத் போகிறது. மேலும் லண்டனிலிருந்து கார்ன்வால் செல்லும் ரயில் இவ்வழியே சென்றால் எக்ஸ்டரிலும் பிளிமத்திலும் திசைமாற வேண்டும். பயண நேரம் கூடும். இவையனைத்தும் உண்மை. இவற்றால் அப்பாதை டாலிஷ் பாதைக்கு ஈடாகாது என்பது உறுதியாகிறது. துணையாகாது என்பது உறுதியாகவில்லை. இரண்டு மாதம் பேருந்தில் மாறிச் செல்வதோடு ஒப்பிட வேண்டிய பயணம் அது. சுவர் நன்றாக நிற்கும் நாளின் விரைவு ரயிலோடு ஒப்பிட்டால் எந்த மாற்றுவழியும் தோற்கும்.

இதைவிடக் கூர்மையான மறுப்பு ஒன்றுண்டு. உள்நாட்டுப் பாதைகளும் வெள்ளத்தில் மூழ்குகின்றன. 2012இல் எக்ஸ்டருக்கு வடக்கே கவ்லி பாலத்தருகே எக்ஸ் ஆறு பெருகித் தண்டவாளத்தை அரித்தது. டாலிஷ் சுவர் உடைந்த அதே 2014 பிப்ரவரியில் சாமர்செட் சமவெளி வெள்ளத்தில் பிரிட்ஜ்வாட்டர் அருகே முதன்மைப் பாதை மூடப்பட்டது. ஓக்ஹாம்ப்டன் பாதை பிரியும் இடமே கவ்லி பாலம்தான். ஆகவே இரண்டாவது பாதையும் ஒரு பலவீனமான புள்ளியைத் தாண்டியே தொடங்குகிறது. இந்த மறுப்பை நான் முழுமையாக ஏற்கிறேன், ஆனால் அது இட்டுச்செல்லும் முடிவு வேறு. கவ்லியில் வெள்ளத்தடுப்புப் பணிகள் பின்னர் நடந்தன. ஆற்றுக்கு இடம்விட்டுப் பாலத்தையும் மதகையும் திருத்துவது, கடலையும் சரியும் குன்றையும் ஒருங்கே எதிர்கொள்வதைவிட எளிய வேலை. தவிர, எந்தப் பாதையும் ஆபத்தற்றதன்று என்ற உண்மை, ஒரே பாதையை நம்பியிருப்பதற்கு ஆதரவான வாதமாக முடியாது.

மூன்றாவது மறுப்பு எதிர்முனையிலிருந்து வருகிறது. கடலோடு போராடுவதே வீண். சுவரைக் கைவிட்டுக் கரையை அதன் போக்கில் விட்டுவிடலாம் என்பது அது. மணலைப் பற்றி மேலே சொன்னது இந்த முடிவுக்கு இட்டுச்செல்வதுபோல் தோன்றலாம். அப்படியன்று. இன்று அந்தச் சுவர் பாதையை மட்டும் தாங்கவில்லை. அதன் பின்னால் ஓர் ஊர் இருக்கிறது. இருப்புப்பாதை வந்தபின் மேலும் வளர்ந்த கோடைவாசத்தலம் டாலிஷ். நிலையமும் பூங்காவும் வீடுகளும் சுவரின் நிழலில் நிற்கின்றன. பாதையை நாளையே உள்நாட்டுக்கு மாற்றினாலும் சுவரைப் பராமரிக்கும் பொறுப்பு நீங்காது. அதைச் சுமக்கும் பணக்கார நிறுவனம் மட்டுமே நீங்கும். கரைக்கோட்டைத் தக்கவைப்பது என்று வட்டாரக் கடற்கரைத் திட்டம் முடிவு செய்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த முடிவு சரியானது.

புதிய சுவருக்குப் பின்

சுவரைப் பலப்படுத்தும் வழியையே அரசு தேர்ந்தது. 2019இல் தொடங்கி, டாலிஷ் ஊரின் முன்புறம் பழையதைவிட 2.5 மீட்டர் உயரமான புதிய கடற்சுவர் எழுந்தது. முதற்கட்டத்தில் 360 மீட்டர், அடுத்த கட்டத்தில் 415 மீட்டர். அதன் மேல்விளிம்பு கடல்நோக்கி வளைந்து, மோதும் அலையைத் திரும்பக் கடலுக்கே எறிகிறது. பார்சன்ஸ் சுரங்கத்தின் வாயில் பாறைச் சரிவிலிருந்து காக்கும் கூரை 109 மீட்டர் நீட்டப்பட்டு 2023இல் முடிந்தது. தாண்டும் நீரே சேதத்தின் வேர் என்று முன்பு கண்டோம். அந்த வகையில் புதிய சுவரின் வடிவம் நோயை அறிந்து செய்த மருத்துவம். அதைக் குறைகூற எனக்குக் காரணமில்லை. நூறாண்டுப் பாதுகாப்பு என்று நிர்வாகம் அறிவிப்பதுதான் கவலை தருகிறது. சுவர் நூறாண்டு நிற்கலாம். அதன்முன் மணல் நூறாண்டு நிற்கும் என்று யாரும் உறுதி தரவில்லை. ஊர்முன்பு உயர்ந்த சுவர், ஊருக்கு வெளியே குன்றடியில் செல்லும் பழைய சுவரின் பலவீனத்தைக் குறைப்பதுமில்லை.

மறுபக்கம் ஒரு சிறு திருத்தமும் நிகழ்ந்தது. 2021 நவம்பர் 20 அன்று எக்ஸ்டர்–ஓக்ஹாம்ப்டன் இடையே அன்றாடப் பயணிகள் சேவை சுமார் 4 கோடி பவுண்டு செலவில் மீண்டும் தொடங்கியது. மூடிய பாதைகளை மீட்கும் அரசுத் திட்டத்தின் முதல் பலன் அது. அப்பாதைக்கு வரும் பயணிகளுக்காகவே அது திறக்கப்பட்டது; டாலிஷுக்குத் துணை என்ற காரணம் அதிகாரபூர்வக் கணக்கில் முதன்மை பெறவில்லை. ஓக்ஹாம்ப்டனிலிருந்து டாவிஸ்டாக் வழியாகப் பியர் ஆல்ஸ்டன் வரையிலான முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட இடைவெளி அப்படியே இருக்கிறது. பாதைகளை மீட்கும் அந்த அரசுத் திட்டமே 2024 ஜூலையில் கைவிடப்பட்டது.

இந்த நிலையில் கேட்கக்கூடியவை மூன்று. அந்த இடைவெளியின் பழைய தடத்தில் இனியொரு கட்டடமும் எழாதபடி சட்டப் பாதுகாப்பு வேண்டும். இன்று பணமில்லை என்பது நாளைய வழியையும் அடைத்துவிடுவதற்கு நியாயமாகாது. கரையின் மணலளவு தண்டவாளத்தைப்போலவே ஆண்டுதோறும் அளக்கப்பட்டு, அதன் பராமரிப்பு இருப்புப்பாதையின் செலவுக்கணக்கில் ஏற வேண்டும். மாற்றுப் பாதையின் மதிப்பீடு, அதில் நாள்தோறும் எத்தனை பேர் போவார்கள் என்பதோடு நிற்காமல், டாலிஷ் அடைபடும் நாட்களில் அது எத்தனை பேரைக் கொண்டுசேர்க்கும் என்பதையும் சேர்த்து, கடல்மட்டம் உயரும் கால அளவோடு மீண்டும் செய்யப்பட வேண்டும். இவை நடக்கும்வரை பிளிமத்துக்கும் கார்ன்வாலுக்கும் இருக்கும் ஒரே ரயில் வழி, புரூனல் 1846இல் அமைத்தவாறே, ஒரு குன்றுக்கும் ஒரு கடலுக்கும் நடுவேதான் செல்கிறது.